தண்டுவடக் காயத்துக்குப் பிறகு உடற்பயிற்சியும் மனநலமும்: வீட்டிலிருந்தே தொடங்க ஒரு முழு வழிகாட்டி

தென்னை மரத்திலிருந்து விழுந்தவர், பைக் விபத்தில் சிக்கியவர், கட்டட வேலையில் சாரம் சரிந்து விழுந்தவர் என்று தண்டுவடக் காயம் எந்த வழியில் வந்திருந்தாலும், வீடு திரும்பியதும் பார்க்க வருகிறவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "எப்போ நடப்பாரு?" பயிற்சியும் அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் தொடங்கும். ஆறு மாதம், ஒரு வருடம் பார்ப்பார்கள். கால் அசையவில்லை என்றால் "இனிமே எதுக்கு?" என்று பயிற்சி நின்றுவிடும். ஆளும் கட்டிலோடு ஒடுங்கிவிடுவார்.

உடற்பயிற்சியையும் நடையையும் முதலில் பிரித்து வையுங்கள். காயம் பகுதியளவானது என்றால் கால்களில் எவ்வளவு திரும்பி வரலாம் என்பதை உங்கள் மருத்துவர் பரிசோதித்துச் சொல்வார். அந்த முயற்சி தனியாக நடக்கட்டும். கால் அசைந்தாலும் அசையாவிட்டாலும் பயிற்சியால் கிடைக்கக்கூடியவை வேறு சில உண்டு: வலி குறைவது, தூக்கம் சீராவது, அடுத்தவர் தூக்காமல் கட்டிலிலிருந்து வீல்சேருக்கு மாறுவது, தெருமுனை வரை தானே போய் வருவது. மனம் தேறுவது பெரும்பாலும் இவற்றின் வழியாகத்தான்.

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் நடந்து 2003-இல் வெளியான ஆய்வு இதற்கு நல்ல சான்று. தண்டுவடக் காயம் அடைந்தவர்களில் ஒரு குழு வாரம் இரண்டு நாள் என்று ஒன்பது மாதம் பயிற்சி செய்தது. செய்யாத குழுவோடு ஒப்பிட்டால் இவர்களுக்கு மனஅழுத்தமும் வலியும் மனச்சோர்வும் குறைந்திருந்தன. வாழ்க்கை மீதான திருப்தி கூடியிருந்தது. வலி குறைந்ததுதான் மனநிலை தேறியதற்கு ஒரு முக்கிய வழி என்று தொடர்ந்து வந்த அலசல்கள் காட்டின.

படி 1: உங்கள் காயத்தின் மட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

டிஸ்சார்ஜ் சம்மரியில் சி6, டி4, டி10, எல்1 என்று ஒன்று எழுதியிருக்கும். தண்டுவடத்தில் எந்த இடத்தில் அடி என்பதைச் சொல்லும் குறி அது. சி என்றால் கழுத்து, டி என்றால் நெஞ்சுப் பகுதி, எல் என்றால் இடுப்பு; எண் சிறிதாக இருந்தால் அந்தப் பகுதியில் இன்னும் மேலே அடி என்று பொருள். வீட்டில் எல்லோரும் அதை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்வது நல்லது. ஏனென்றால் என்ன பயிற்சி செய்யலாம், எதற்குப் பயப்பட வேண்டும் என்பதெல்லாம் அதைப் பொறுத்தது.

டி10, எல்1 போன்ற கீழ் மட்டக் காயத்தில் கைகளும் தோளும் நெஞ்சும் முழு பலத்தோடு இருக்கும். கவனிக்க வேண்டியவை தோலும் தோளும் எலும்பும். டி6-உம் அதற்கு மேலும் (தலைப் பக்கமாக) என்றால் ரத்த அழுத்தம், உடல் சூடு ஆகியவற்றின் கட்டுப்பாடும் பாதிக்கப்பட்டிருக்கும். கழுத்து மட்டம், அதாவது கை கால் நான்கும் பாதிக்கப்படும் குவாட்ரிப்ளீஜியா என்றால் கைகளில் எந்தத் தசை வேலை செய்கிறதோ அதை வைத்துத்தான் பயிற்சி. சி5 காயத்தில் முழங்கையை மடக்க முடியும், நீட்ட முடியாது. சி6 இருந்தால் மணிக்கட்டை மேலே தூக்க முடியும்.

தொடங்கும் முன் மருத்துவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: முதுகில் போட்ட கம்பி, திருகு நன்றாகச் சேர்ந்துவிட்டதா? எலும்பு எவ்வளவு பலவீனமாக இருக்கிறது? என் வழக்கமான ரத்த அழுத்தம் எவ்வளவு? கடைசிக் கேள்வியைப் பலரும் கேட்பதில்லை. அது ஏன் முக்கியம் என்று அடுத்த படியில் புரியும்.

படி 2: ஆபத்துகளை முதலில் படியுங்கள்

ரத்த அழுத்தம் திடீரென எகிறுவது

டி6-உம் அதற்கு மேலும் காயம் உள்ளவர்கள் இந்தப் பகுதியை வீட்டிலுள்ளவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள். ஆட்டோனமிக் டிஸ்ரிஃப்ளெக்ஸியா என்பது இதன் பெயர். சிறுநீர்ப்பை நிறைந்திருப்பது, சிறுநீரை வெளியேற்றும் கதீட்டர் குழாய் மடங்கியிருப்பது, மலச்சிக்கல், இறுக்கமான பெல்ட், கால் நகம் சதையில் குத்துவது என்று காயத்துக்குக் கீழே ஏதோ ஒரு தொந்தரவு இருக்கும். உங்களுக்கு அது தெரியாது, ஆனால் உடலுக்குத் தெரியும். ரத்தக் குழாய்கள் இறுகி அழுத்தம் ஏறும். மூளை அனுப்பும் 'தளர்த்து' என்ற கட்டளை காயத்தைத் தாண்டிக் கீழே போகாது.

மண்டை வெடிக்கிற மாதிரி தலைவலி, முகம் சிவப்பது, காயத்துக்கு மேலே வியர்வை, மயிர்க்கூச்சு, மூக்கடைப்பு, பார்வை மங்கல் ஆகியவை அறிகுறிகள். கழுத்துக் காயம் உள்ளவர்களின் வழக்கமான ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணே 90 முதல் 110 வரைதான் இருக்கும். அதிலிருந்து 20 முதல் 40 புள்ளி ஏறினாலே ஆபத்து. 140 என்று காட்டினால் "கொஞ்சம்தானே கூட" என்று யாராவது சொல்லக்கூடும், வெளியூர் மருத்துவமனையிலும் சொல்லக்கூடும். அதனால்தான் வழக்கமான அளவை ஒரு சீட்டில் எழுதி வீல்சேர் பையில் வைத்திருங்கள்.

செய்ய வேண்டியது:

1. பயிற்சியை நிறுத்தி, நிமிர்ந்து உட்கார வையுங்கள். கால்கள் கீழே தொங்கட்டும். படுக்க வைக்காதீர்கள்.
2. பெல்ட், பைண்டர் (வயிற்றில் கட்டும் அகலப் பட்டை), சாக்ஸ், இறுக்கமான உடை எல்லாவற்றையும் தளர்த்துங்கள்.
3. யூரின் பேக் நிறைந்திருக்கிறதா, குழாய் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். கதீட்டர் இல்லையென்றால் போட்டுச் சிறுநீரை வெளியேற்றுங்கள்.
4. அதிலும் அடங்கவில்லை என்றால் மலம் கட்டியிருக்கிறதா, தோலில் எங்காவது அழுத்தமோ காயமோ இருக்கிறதா என்று தேடுங்கள்.
5. சில நிமிடத்தில் இறங்காவிட்டால் 108-ஐ அழையுங்கள். பக்கவாதம் வரை கொண்டுபோகக்கூடிய அவசரநிலை இது.

தடுப்பதும் எளிதுதான்: பயிற்சிக்கு முன்னால் சிறுநீர்ப்பையைக் காலி செய்வது.

சூடு

மேல் மட்டக் காயத்தில் காயத்துக்குக் கீழே வியர்க்காது. சித்திரை வெயிலில் காலை ஒன்பது மணிக்கு வீல்சேர் ஓட்டப் போவது இவர்களுக்கு விளையாட்டில்லை. விடிகாலையோ மாலை மங்கிய பிறகோ வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் தெளிக்கும் பாட்டிலும் ஈரத் துண்டும் கூட இருக்கட்டும். சிறுநீர் பிரச்சினைக்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பழக்கம் நம் ஊரில் நிறைய. அது சிறுநீர்த் தொற்றில் கொண்டுவிடும். எவ்வளவு குடிக்கலாம் என்று கேட்டு, சிஐசி (குறித்த நேரத்துக்கு ஒரு முறை குழாய் போட்டுச் சிறுநீரை வெளியேற்றுவது) நேரத்தை அதற்கு ஏற்றபடி வகுத்துக்கொள்ளுங்கள்.

தலைசுற்றல், தோல், எலும்பு

நாள்கணக்கில் படுத்திருந்தவர் சட்டென நிமிர்ந்தால் அழுத்தம் இறங்கிக் கண் இருட்டும். தலைப்பக்கத்தைப் படிப்படியாக உயர்த்துங்கள். வயிற்றுக்கு பைண்டர் கட்டலாம். மயக்கம் வந்தால் வீல்சேரைப் பின்னால் சாய்த்துக் கால்களை உயர்த்துங்கள். முன்னால் சொன்ன அவசரநிலைக்கு இது நேர் எதிர் வைத்தியம். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

உட்கார்ந்திருக்கும்போது 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒரு முறை முன்னால் குனிந்தோ பக்கவாட்டில் சாய்ந்தோ புட்டத்தின் அழுத்தத்தை இறக்குங்கள். சில நொடி தூக்கி எழும்புவது போதாது. சுமார் இரண்டு நிமிடம் சாய்ந்திருந்தால்தான் ரத்தம் திரும்ப ஓடும். பயிற்சி முடிந்ததும் கைக்கண்ணாடி வைத்து வால் எலும்பு, புட்டம், குதிகால் பாருங்கள். சிவப்பு அரை மணி நேரத்தில் மறையவில்லை என்றால் அந்த இடத்தின் மேல் உட்காரக் கூடாது.

செயலிழந்த கால்களின் எலும்பு சீக்கிரமே மெலிந்துபோகும், குறிப்பாக முழங்காலைச் சுற்றி. வேகமாக இழுத்து மடக்கினால் முறிந்துவிடும், வலியும் தெரியாது. ஒரு காலில் மட்டும் திடீரென வீக்கமும் சூடும் வந்தால் எண்ணெய் போட்டு உருவி விடாதீர்கள். ரத்தக்கட்டியாக இருக்கலாம், எலும்பு முறிவாக இருக்கலாம். முதலில் மருத்துவர். உணர்ச்சி இல்லாத தோலில் சூடான எண்ணெய், ஒத்தட மூட்டை, ஹாட் பேக் எதுவுமே வேண்டாம். வெந்துபோன பிறகுதான் தெரியும்.

படி 3: தினமும் மூட்டுகளை அசைப்பது

இது உடற்பயிற்சி என்று தோன்றாத உடற்பயிற்சி. இடுப்பு, முழங்கால், கணுக்கால் ஒவ்வொன்றையும் மெதுவாக அதன் முழு வீச்சுக்குக் கொண்டுபோய்ச் சில நொடி நிறுத்தி இறக்க வேண்டும். தானே செய்ய முடிந்தால் தானே செய்யட்டும். இறுக்கத்தால் வரும் ஸ்பாஸம், அதாவது தசை தானாக இழுத்துக்கொள்வது, இதில் சற்றுத் தணியும். தணிகிறதே என்று, அந்த இறுக்கத்துக்காகக் கொடுக்கும் பாக்லோஃபென் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென விட்டால் வலிப்பு வரை போகலாம்.

வீட்டில் அன்போடு செய்யப்படும் தவறு ஒன்று உண்டு. சி6 காயம் உள்ளவரின் விரல்கள் மடங்கியே இருப்பதைப் பார்த்து, அம்மாவோ மனைவியோ மணிக்கட்டைப் பின்னால் வளைத்து விரல்களை முழுக்க நீட்டி விடுவார்கள். செய்யக் கூடாது. அந்த இறுக்கம்தான் அவருக்குப் பிடி. மணிக்கட்டைத் தூக்கும்போது விரல்கள் தானாக மூடி டம்ளரைப் பிடிக்கும். விரலை நீட்ட வேண்டுமானால் மணிக்கட்டைக் கீழே தொங்கவிட்டு நீட்டுங்கள்.

படி 4: பலம் — தோளைக் காப்பாற்றிக்கொண்டே

வீல்சேரில் இருப்பவருக்குத் தோள்தான் கால். தள்ளுவது, மாறுவது, எட்டி எடுப்பது எல்லாம் அதில்தான். தோள்வலி இவர்களிடையே மிகச் சகஜம், அது வந்தால் வெளியே போவது முதலில் நிற்கும், அப்புறம் மனம் சுருங்கும். அதனால் பெரிய புஜம் வளர்ப்பதை விட முதுகுப் பக்கத் தசைகளைப் பலப்படுத்துவதே புத்திசாலித்தனம். தள்ளுவதற்கு நெஞ்சுத் தசை ஏற்கெனவே நாள் முழுக்க உழைக்கிறது.

தெராபேண்டை (பயிற்சிக்கான ரப்பர் பட்டை) ஜன்னல் கம்பியில் நெஞ்சு உயரத்தில் கட்டி, முழங்கையைப் பின்னால் கொண்டுபோய்த் தோள்பட்டை எலும்புகள் நெருங்கும்படி இழுங்கள். அடுத்து, முழங்கையை இடுப்போடு ஒட்டி மடக்கி வைத்து, முன்கையை வெளிப்பக்கம் திருப்புங்கள். இது தோளின் உள்தசைகளுக்கு. பிறகு கை மடக்குவது, முடிந்தவர்களுக்கு நீட்டுவது. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒரு கிலோ டம்பெல்தான். பிடி இல்லாதவர்கள் வெல்க்ரோ பட்டையில் எடையைக் கட்டிக்கொள்ளலாம். ஒவ்வொன்றையும் எட்டு முதல் பத்து முறை, மூன்று சுற்று. கடைசி இரண்டு முறை கஷ்டமாக இருந்தால் எடை சரி. மல்லாந்து படுத்து, சுருட்டிய துண்டை முதுகெலும்பு நெடுக வைத்துக் கைகளை விரித்துக் கிடப்பது நெஞ்சுத் தசை இறுகாமல் காக்கும்.

கழுத்துக் காயத்தில் மூச்சுப் பயிற்சியையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் கொடுத்த மூன்று பந்து ஸ்பைரோமீட்டரை (மூச்சை உள்ளே இழுத்துப் பந்தைத் தூக்கும் கருவி) பரணில் போட்டுவிடாதீர்கள்.

தோளைத் தின்பது பல நேரம் பயிற்சி அல்ல, வண்டி. ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கும் கனமான மடக்கு வீல்சேர் தினசரி வாழ்க்கைக்கு ஆனதல்ல. அளவெடுத்துச் செய்யும் வண்டிகள் இப்போது இங்கேயே கிடைக்கின்றன. ஐஐடி மெட்ராஸில் உருவான நியோஃப்ளை அவற்றில் ஒன்று. தள்ளும்போது குட்டையாகப் படபடவென்று தள்ளாமல் நீளமாகத் தள்ளி, கை தளர்வாகக் கீழே இறங்கித் திரும்பட்டும்.

படி 5: மூச்சு வாங்கும் பயிற்சி — எவ்வளவு?

தண்டுவடக் காயத்துக்கென்றே 2018-இல் வெளியான சர்வதேசப் பரிந்துரை, பலர் நினைப்பதை விடச் சிறியது. உடல்திறனுக்கு: வாரம் 2 நாள், குறைந்தது 20 நிமிடம் மிதமானது முதல் கடுமையான வேகத்தில் மூச்சு வாங்கும் பயிற்சி; கூடவே வேலை செய்யும் ஒவ்வொரு பெரிய தசைத் தொகுதிக்கும் 3 சுற்று பலப் பயிற்சி, அதுவும் வாரம் 2 நாள். இதயமும் சர்க்கரையும் சீராக இருக்க: வாரம் 3 நாள், 30 நிமிடம். காயம் ஏற்பட்டு ஒரு வருடம் கடந்த பெரியவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டது இது. அதற்கு முன்னால் உள்ளவர்களுக்கு பிசியோதெரபிஸ்ட் சொல்வதே அளவு.

வீல்சேரைச் சமதளத்தில் வேகமாகத் தள்ளுவது, மேஜை மேல் வைத்த பெடலைக் கையால் சுற்றுவது, உட்கார்ந்தபடி காற்றில் குத்துவது எல்லாம் கணக்கில் சேரும். முதல் வாரம் ஐந்து நிமிடம் போதும். வாட்ச் காட்டும் நாடித் துடிப்பை, கழுத்திலோ மேல் நெஞ்சிலோ காயம் உள்ளவர்கள் நம்பக் கூடாது. இதயத்தை வேகப்படுத்தும் நரம்புகள் டி1 முதல் டி4 வரையுள்ள பகுதியிலிருந்து வருகின்றன. அதனால் எவ்வளவு உழைத்தாலும் துடிப்பு 110, 130-க்கு மேல் ஏறாமல் போகலாம். பேச்சுதான் அளவுகோல்: பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் மிதமான வேகம். இரண்டு வார்த்தைக்கு ஒரு முறை மூச்சு வாங்கினால் கடுமையான வேகம்.

படி 6: மனதையும் குறித்துவையுங்கள்

தண்டுவடக் காயம் அடைந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் இருப்பதாக ஆய்வுகளின் தொகுப்பு சொல்கிறது. பொதுமக்களை விட இது மிக அதிகம். ஆனால் ஐந்தில் நாலு பேருக்கு இல்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். "இந்த நிலைமையில யாருக்குத்தான் மனசு நல்லா இருக்கும்?" என்று சொந்தக்காரர்கள் அதை இயல்பாக்கிவிடுவதால்தான் பலருக்கு வைத்தியம் கிடைப்பதில்லை.

ஒரு சின்ன நோட்டு போதும். பயிற்சிக்கு முன்னும் பின்னும் வலிக்கு 0 முதல் 10 வரை ஒரு எண், மனநிலைக்கு ஒரு எண். அன்று இரவு தூக்கம் எப்படி என்று ஒரு சொல். நாளுக்கு நாள் ஒப்பிட்டுப் பார்க்காதீர்கள். காயத்தில் வரும் எரிச்சல் வலி, கரண்ட் அடிக்கிற மாதிரி வலி, காரணமில்லாமல் கூடும் குறையும். மாதக் கடைசியில் புரட்டினால்தான் போக்கு தெரியும். எந்தப் பயிற்சி வலியைக் குறைக்கிறது, எது கூட்டுகிறது என்பதும் அதில் தெரியவரும். பிசியோதெரபிஸ்டிடம் காட்ட அதை விட நல்ல ஆவணம் இல்லை.

"மனசு சரியாகட்டும், அப்புறம் ஆரம்பிக்கிறேன்" என்பது எல்லோரும் சொல்வது. நடைமுறையில் வரிசை தலைகீழ். செய்த பிறகுதான் செய்யத் தோன்றும். அதனால் இலக்கை மனநிலையிலோ காலிலோ வைக்காமல் ஒரு காரியத்தில் வையுங்கள்: பொங்கலுக்குள் கட்டிலிலிருந்து வீல்சேருக்குத் தனியாக மாறுவது, டீக்கடை வரை போய் வருவது, பிள்ளையின் பள்ளி ஆண்டு விழாவில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பது. அந்தக் காரியத்துக்கு எந்தத் தசை, எவ்வளவு மூச்சு வேண்டும் என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டால் பயிற்சித் திட்டம் தானே வந்துவிடும். எந்த நேரம், எந்தப் பயிற்சி, எந்தப் பாட்டோடு என்பதையும் அவரே முடிவு செய்யட்டும். விபத்துக்குப் பிறகு குளிப்பது, சாப்பிடுவது, திரும்பிப் படுப்பது எல்லாவற்றையும் மற்றவர்கள் முடிவு செய்கிற வாழ்க்கையில், இந்த அரை மணி நேரமாவது அவர் கையில் இருக்க வேண்டும்.

படி 7: வீட்டை விட்டு வெளியே

நரம்பியல் மருத்துவர் லுட்விக் குட்மன் 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டெவில் மருத்துவமனையில் தண்டுவடப் பிரிவைத் தொடங்கியபோது, இந்தக் காயம் பட்டவர்கள் நீண்ட நாள் பிழைப்பதே அபூர்வம். அவர் விளையாட்டை வைத்தியத்தின் ஒரு பகுதியாக்கினார். 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், வீல்சேரில் இருந்த 16 பேருக்கு அங்கே வில்வித்தைப் போட்டி நடந்தது. இன்றைய பாராலிம்பிக்கின் வேர் அது.

நம் பக்கத்திலும் முன்னோடிகள் உண்டு. வேலூர் சிஎம்சியின் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். வீல்சேரில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளுக்குக் கை அறுவை சிகிச்சை செய்தார். பிறகு மறுவாழ்வு மருத்துவம் படித்துவந்து, அந்தத் துறையையே அங்கே கட்டியெழுப்பினார். தென்காசிப் பக்கம் ஆய்க்குடியைச் சேர்ந்த எஸ். ராமகிருஷ்ணன் 1975-இல் கடற்படைத் தேர்வின் உடல்திறன் சோதனையில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். 1981-இல் மாற்றுத்திறனாளிகளுக்காக அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார்.

அன்றாடத்துக்கு வேண்டியது பெரிய சாதனையாளர் அல்ல, உங்களைப் போலவே சிஐசி செய்துகொண்டு வேலைக்குப் போகிற ஒருவர். பயணத்தில் சிறுநீரை எப்படிச் சமாளிப்பது என்று அவரிடம்தான் கூச்சமில்லாமல் கேட்க முடியும். மறுவாழ்வு மையங்களில் கேட்டால் இப்படிப்பட்டவர்களோடு இணைத்துவிடுவார்கள். இந்திய வீல்சேர் கூடைப்பந்துக் கூட்டமைப்பு சென்னையிலிருந்துதான் இயங்குகிறது. மெரினாவில் 2022 முதல் வீல்சேர் போக மரப்பாதை இருக்கிறது. இலங்கையின் வடக்கு கிழக்கில், போரில் முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்களே நடத்தும் உயிரிழை அமைப்பு இருக்கிறது.

கிராமத்தில் மையமே இல்லை என்றால், தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதியுங்கள். பெண்களுக்கு இந்தப் படி இரண்டு மடங்கு கடினம். உடன் வர ஆள், போகுமிடத்தில் கழிப்பறை, "இந்த நிலைமையில வெளியே எதுக்கு?" என்ற பேச்சு. அவர்களுக்கு முதல் இலக்காக வாசல் படிக்குச் சாய்வுப் பாதை போடுவதையே வைக்கலாம்.

பயிற்சியால் மட்டும் முடியாதபோது

கடந்த இரண்டு வாரத்தில் பெரும்பாலான நாள் எதிலும் நாட்டமில்லாமல் இருந்ததா? மனம் இருண்டு, நம்பிக்கையற்று இருந்ததா? ஒன்றுக்காவது ஆம் என்றால் மருத்துவரைப் பாருங்கள். தூக்கமின்மையும் அசதியும் காயத்தாலேயே வரும், அதனால் இந்த இரண்டு கேள்விகளே நம்பகமானவை. வலிக்கும் மனச்சோர்வுக்கும் சேர்த்தே உதவும் மாத்திரைகள் உண்டு. "இருந்து என்ன பயன்" என்ற எண்ணம் வந்தால் காத்திருக்க வேண்டாம்: இந்தியாவில் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416, தமிழிலும் பேசலாம். இலங்கையில் 1926.

இடையில் நின்றுபோனால்

நிற்கும். சிறுநீர்த் தொற்று, காய்ச்சல், படுக்கைப்புண், வீட்டில் ஒரு கல்யாணம் என்று ஏதாவது வரும். மெக்மாஸ்டர் ஆய்வின் ஒன்பது மாதம் முடிந்ததும் பலர் வருவதைக் குறைத்தார்கள். அடுத்த மூன்று மாதத்தில் வாழ்க்கைத் திருப்தியும் சரிந்தது. அதனால் திரும்பத் தொடங்கும் வழியை முன்பே முடிவு செய்து நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். காய்ச்சல் விட்டு மருந்து முடியும் வரை மூட்டு அசைவு மட்டும். புட்டத்தில் புண் இருந்தால், மருத்துவர் அனுமதித்தால், ஒருக்களித்துப் படுத்தபடி தெராபேண்ட். அப்புறம் பழைய எடையில் பாதி, பழைய நேரத்தில் பாதி என்று ஒரு வாரம். இரண்டாவது வாரம் முக்கால். மூன்றாவது வாரத்தில் தோள் வலிக்காவிட்டால் பழைய அளவு.